பூண்டுலோயாவில் எண்ணப்பட்ட பற்கள்

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

உலகத்தின் எந்த மூலையில் பல் வைத்தியம் படிப்பவரும், முரசு நோய் என்ற பாடத்துக்கு வந்ததும் ஓரிடத்தில் நம் நாட்டின் பெயரைக் காண்பார். பூண்டுலோயாப் பக்கம் டன்சினன், ஹெரோ என்று இரண்டு தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே வேலை செய்த 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாயை 1970 இல் நோர்வே நாட்டு ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். எல்லோரும் ஆண்கள், 14 வயதிலிருந்து ஏறத்தாழ 30 வயது வரை. பிறகு 1985 வரைக்கும் திரும்பத் திரும்ப வந்து அதே வாய்களை அளந்தார்கள். முரசு நோயைக் கவனிக்காமல் விட்டால் வருடக் கணக்கில் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் இன்றைக்கும் காட்டுகிற முதன்மையான சான்றுகளில் ஒன்று அந்த லயத்து மனிதர்களின் வாயிலிருந்து எடுத்தது.

(முரசு என்று நாம் சொல்வதைத்தான் இந்தியத் தமிழில் ஈறு என்கிறார்கள்.)

இதை ஏன் இப்போது எழுதுகிறோம் என்றால், வகுப்பில் சுகாதாரப் பாடம் நடத்தும்போது "உங்கட வீட்டில ஆருக்குப் பல்லு இல்ல?" என்று கேட்டால் கைகள் வரிசையாக உயர்கின்றன. உம்மும்மா, வாப்பும்மா, மூத்தாப்பா. சில வீடுகளில் ஐம்பது வயதைத் தாண்டாத வாப்பாவும். ஏன் விழுந்தது என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "வயசு போனா விழத்தானே செய்யும் சேர்." இந்தப் பதிலைப் பிள்ளைகள் தாங்களாக யோசித்துச் சொல்லவில்லை. நாம்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். பூண்டுலோயாவில் அளந்து பார்த்தபோது அது பிழை என்று தெரிந்து 40 வருடத்துக்கு மேலாகிறது.

கொஞ்சம் பின்னால் போவோம். ஆயிரம் வருடத்துக்கு முன்னர், ஸ்பெயினில் கோர்டோபாவுக்குப் பக்கத்தில் மதீனத்துஸ் ஸஹ்ராவில் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி என்ற வைத்தியர் இருந்தார். அவர் எழுதிய அத்தஸ்ரீஃப் 30 பாகங்கள் கொண்ட நூல். கடைசிப் பாகம் முழுக்கச் சத்திரசிகிச்சை. அதிலே பல்லின் உள்ளும் வெளியும் முரசுக்கு அடியிலும் கரடுமுரடான காறை படியும், அது கறுத்தும் மஞ்சளாகியும் கிடக்கும், அதனால் முரசு கெடும் என்று எழுதி, அதைச் சுரண்டி எடுக்கும் முறையையும் விளக்கியிருக்கிறார். ஒரே நாளில் முடியாவிட்டால் அடுத்தடுத்த நாட்களிலும் சுரண்ட வேண்டும் என்பது அவருடைய அறிவுரை. அதற்கென்று 14 விதமான சுரண்டிகளைப் படமாகவும் வரைந்து வைத்தார். ஒவ்வொன்றும் பல்லின் ஒவ்வொரு பக்கத்துக்கு வளைந்து கொடுக்கும்படி வேறு வேறு வடிவம். ஆடும் பல்லைத் தங்கக் கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டும் முறையும் அந்த நூலில் உண்டு. 12 ஆம் நூற்றாண்டில் கிரெமோனாவின் ஜெரார்ட் அந்தச் சத்திரசிகிச்சைப் பாகத்தை லத்தீனுக்கு மாற்றினார். ஐரோப்பிய வைத்தியர்கள் சில நூற்றாண்டுகள் அதைக் கையில் வைத்துப் படித்தார்கள்.

நம்மவர்கள் மேடைகளில் அஸ்ஸஹ்ராவியின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவதில் குறைவில்லை. அவர் சொன்ன அந்தச் சுரண்டலைத்தான் இன்று ஆஸ்பத்திரியில் ஸ்கேலிங் என்று செய்கிறார்கள். அதற்கு வாருங்கள் என்று கூப்பிட்டால் மட்டும் "ஸ்கேலிங் செஞ்சா பல்லு ஆடும்" என்று பின்வாங்குகிறோம்!

அஸ்ஸஹ்ராவி கண்ணால் கண்டதை வைத்துச் சொன்னார். அதைச் சோதனை செய்து நிரூபிக்க 1965 வரை செல்ல வேண்டியிருந்தது. அதுவரைக்கும் முரசு நோய்க்கு முதுமை, சத்துக் குறைவு, பரம்பரை என்று வைத்தியர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டென்மார்க்கின் ஓர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற நோர்வேக்காரரும் அவருடைய சகாக்களும் ஆரோக்கியமான 12 பேரைத் தெரிந்தெடுத்தார்கள். பெரும்பாலானவர்கள் பல் வைத்திய மாணவர்கள். அவர்களுக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: பல் துலக்காமல் இருப்பது. 10 முதல் 21 நாட்களுக்குள் 12 பேருக்கும் முரசு சிவந்து வீங்கியது. பிறகு துலக்கச் சொன்னார்கள். ஏறத்தாழ ஒரு கிழமையில் முரசு பழைய நிலைக்கு வந்துவிட்டது.

கேட்பதற்குச் சின்னச் சோதனை போல இருக்கிறது. ஆனால் பல்லில் படியும் அந்த மெல்லிய, வெள்ளை, பசை போன்ற படலம்தான் காரணம் என்பதும், அதை எடுத்துவிட்டால் ஆரம்பநிலை நோய் தானாகவே திரும்பிப் போகும் என்பதும் அன்றைக்கு உறுதியானது. அந்தப் படலம் முழுக்க உயிருள்ள கிருமிகள். எடுக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக் கல்லாக இறுகுகிறது. அந்தக் கல்தான் காறை.

சரி, 21 நாளில் முரசு வீங்குகிறது. 21 வருடம் விட்டால்? அதைப் பார்ப்பதற்கு டென்மார்க்கில் ஆள் கிடைக்காது. பல் துலக்காமல், பல் வைத்தியரைக் காணாமல் வாழும் ஒரு முழுக் கூட்டம் வேண்டும். அங்கேதான் நம் நாடு வருகிறது.

அதற்கு முன்னரே யென்ஸ் வார்ஹாக் என்ற இன்னொரு நோர்வே ஆய்வாளர் இலங்கையில் ஒரு பெரிய கணக்கெடுப்பை நடத்தி 1967 இல் வெளியிட்டிருந்தார். வயது, வருமானம், விற்றமின் குறைவு, வெற்றிலை, புகையிலை, எந்த இனம் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். முரசு நோயின் பெரும்பகுதியை விளக்கியவை வாய்ச் சுத்தமும், அந்தச் சுத்தக்குறைவு எத்தனை வருடம் நீடித்தது என்பதும்தான். இனத்துக்கு இங்கே பெரிய வேலை இருக்கவில்லை.

லோவின் குழு இரண்டு கூட்டங்களை எடுத்தது. ஒன்று ஒஸ்லோ நகரத்தில் படித்த, உத்தியோகம் பார்க்கும் 565 ஆண்கள். சின்ன வயதிலிருந்தே பாடசாலை வழியாகப் பல் சிகிச்சை பெற்றவர்கள். மற்றது நம் பூண்டுலோயாத் தொழிலாளர்கள். இவர்களுடைய பல்லில் சூத்தை அநேகமாக இல்லை. அதனால் பல் விழுந்தால் அது முரசு நோயால் விழுந்தது என்று சந்தேகமில்லாமல் சொல்ல முடிந்தது. பிரஷ் பிடிக்கும் பழக்கம் இல்லை, எல்லோருடைய பல்லிலும் படலமும் காறையும் கறையும். முரசு வீங்காதவர் அநேகமாக ஒருவரும் இல்லை.

அவர்கள் அளந்தது பல்லுக்கும் அதைத் தாங்கும் எலும்புக்கும் இடையிலான பிடிப்பை. பிடிப்பு எத்தனை மில்லிமீற்றர் கீழே இறங்கியிருக்கிறது என்பதுதான் கணக்கு. நாற்பது வயதை நெருங்கும்போது ஒஸ்லோக்காரர்கள் சராசரியாக இழந்திருந்தது ஒன்றரை மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேல். தோட்டத்துக்காரர்கள் 4.5 மில்லிமீற்றர். ஒரே வயது, மூன்று மடங்கு இழப்பு. வயதுதான் காரணம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே அளவு இறங்கியிருக்க வேண்டுமே.

1986 இல் வெளிவந்த கட்டுரை இன்னும் பிரபலம். தோட்டத்துத் தொழிலாளர்களை அது மூன்று பிரிவாகப் பிரித்தது. ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக ஓடியது. அவர்களுக்கு இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கியது. 35 வயதில் 12 பற்கள் இல்லை, 40 வயதில் 20 பற்கள் இல்லை, 45 இல் ஒன்றும் மிச்சமில்லை. 45 வயதில் அவர்களுடைய பிடிப்பு இழப்பு சுமார் 13 மில்லிமீற்றர். ஒரு பல்லின் வேரே கிட்டத்தட்ட அவ்வளவுதான் நீளம். 81 சதவீதம் பேருக்கு நோய் மெதுவாக நடந்தது. 45 வயதில் சராசரியாக 7 பற்கள் போயிருந்தன. மீதி 11 சதவீதம் பேருக்கு முரசு வீங்கியிருந்ததே தவிர அதற்கு மேல் நோய் நகரவில்லை.

இந்த 11 சதவீதத்தைக் கவனியுங்கள். "எங்கட மூத்தாப்பா வாழ்நாளில பிரஷ் பிடிச்சதில்ல, எண்பதிலயும் முறுக்கு கடிச்சார்" என்று ஊரில் ஒருவர் கட்டாயம் சொல்வார். பொய்யில்லை. அவருடைய மூத்தாப்பா அந்தப் 11 இல் ஒருவராக இருந்திருக்கலாம். ஒரே அழுக்குக்கு ஒவ்வோர் உடம்பும் ஒவ்வொரு விதமாகப் பதில் கொடுக்கிறது. நாம் 11 இலா 8 இலா என்பது இருபது வயதில் கண்ணாடியில் தெரிவதில்லை என்பதுதான் பிரச்சினை.

இனி நமக்கு மனதில் தைக்கும் பகுதி. 1970 இல் 480 பேர். 1985 இல் பரிசோதனைக்கு வந்தவர்கள் 161 பேர். அந்தப் 15 வருடம் மலையகத்தில் எப்படிப்பட்ட காலம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். 1948 இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட மக்கள். 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். எழுபதுகள் முழுக்கக் குடும்பங்கள் தலைமன்னாருக்கு ரயிலேறிக் கப்பலில் போய்க்கொண்டிருந்தன. நடுவில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, தோட்டங்களில் பசியும் பட்டினியும் வந்தது, 1977 இலும் 1983 இலும் கலவரம் நடந்தது. ஆய்வுக் கட்டுரையின் வரைபடத்தில் இவை எதுவும் இல்லை. அங்கே மில்லிமீற்றர் மட்டும்தான் இருக்கிறது.

சிகிச்சை கிடைக்காத நோயின் இயற்கைப் போக்கைப் பார்ப்பதுதான் ஆய்வின் நோக்கம். தலைப்பிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். நோயை அவர்கள் கொண்டுவரவில்லை. அந்த லயங்களில் பல் சிகிச்சை இல்லாமல் இருந்ததற்கும் அவர்கள் பொறுப்பல்ல. அதற்குத் தோட்டக் கம்பனிகளும் நம் அரசாங்கங்களும்தான் பதில் சொல்ல வேண்டும். இருந்தாலும் ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கிட்டத்தட்ட அதே காலத்தில் சுவீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் அக்செல்சன், லிண்ட்ஹே என்ற இருவர் 555 பேரை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 375 பேருக்கு முறையாகப் பல் சுத்தம் செய்து, துலக்கும் விதத்தையும் கற்பித்தார்கள். 180 பேரை ஒப்பீட்டுக்காக வழமையான சிகிச்சையோடு விட்டார்கள். 6 வருடத்தில் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததும் அந்த ஒப்பீட்டுப் பிரிவைத் தொடரவில்லை. பராமரிப்புப் பெற்றவர்களை 30 வருடம் தொடர்ந்து பார்த்தபோது, ஒருவர் சராசரியாக இழந்தது இரண்டு பல்லுக்கும் குறைவு. கார்ல்ஸ்டாட்டில் 6 வருடம் போதுமென்று இருந்தது. பூண்டுலோயாவில் 15 வருடம் எண்ணினார்கள்.

2010 இல் மறுபடியும் ஒரு குழு அந்தத் தோட்டங்களுக்குப் போய்த் தேடியது. முதல் 480 பேரில் 75 பேரைக் கண்டுபிடித்துப் பரிசோதித்தார்கள். 40 வருடக் கதை என்று அது 2017 இல் வெளியானது. நம்மோடு கல்வியியற் கல்லூரி விடுதியில் மலையகத்து நண்பர்கள் பலர் இருந்தார்கள். தங்கள் பாட்டன்மாரின் வாய் உலகப் பாடப்புத்தகத்தில் இருப்பது அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. நமக்கும் அப்போது தெரியாது.

அவர்களுடைய வாயிலிருந்து கிடைத்த அறிவு நம் வீட்டுக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

முரசு நோய் வலிக்காது. சூத்தைப் பல் இரவில் தூங்கவிடாது. கராம்பு வைப்போம், பனடோல் போடுவோம், விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். முரசு நோய் பத்து, இருபது வருடம் சத்தமில்லாமல் எலும்பைத் தின்னும். அதனுடைய முதல் அடையாளம் இரத்தம். வுளூச் செய்யும்போது வாய் கொப்பளித்த தண்ணீரில் சிவப்பு நூல் போல ஓடுகிறதா, துலக்கிய பிரஷ்ஷில் இளஞ்சிவப்பு தெரிகிறதா, பேரிக்காயைக் கடித்த இடத்தில் கறை படிகிறதா என்று பாருங்கள். நல்ல முரசு துலக்கினால் இரத்தம் வராது. நம் தோல் நிறத்துக்கு முரசில் இயல்பாகவே கபிலத் திட்டுகள் இருக்கலாம், அது நோயல்ல. வீங்கி, மினுங்கி, தொட்டால் மெத்தென்று இருப்பதுதான் நோய். பிறகு வாய் நாற்றம், பல் நீண்டு தெரிவது, பல்லிடுக்கு அகலுவது, அமுக்கினால் சீழ் வருவது, கடைசியில் ஆட்டம்.

இரத்தம் வந்தால் நம் ஆட்கள் முதலில் செய்வது துலக்குவதை நிறுத்துவது. "புண்ணாகிப் போச்சு, ஆறட்டும்" என்கிறார்கள். ஓர்ஹுஸில் 12 பேருக்கும் நோய் வந்தது அப்படி நிறுத்தித்தான். இரத்தம் வரும் இடத்தைத்தான் மெதுவான பிரஷ்ஷால் கூடுதலாகக் கவனித்துத் துலக்க வேண்டும். முரசும் பல்லும் சேரும் கோட்டில் பிரஷ்ஷைக் கொஞ்சம் சாய்த்து, காலையும் இரவும், ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம். ஆரம்பநிலை என்றால் ஓரிரு கிழமையில் இரத்தம் குறைந்துவிடும்.

சிகரெட் குடிப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. புகை முரசின் இரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் நோய் இருந்தாலும் இரத்தம் தெரியாது. "எனக்கு ஒண்டுமில்ல" என்று நினைத்துக்கொண்டு இருப்பார்கள், உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கும்.

மிஸ்வாக் பற்றிக் கேட்பீர்கள். அந்தக் குச்சி வரும் உகாய் மரம் நம் மன்னார்ப் பக்கம் காடுகளிலேயே இருக்கிறது. ஒவ்வொரு தொழுகைக்கும் பல் துலக்குவதை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு விரும்பினார்கள் என்பது நமக்குத் தெரியும். நார் பிரியும்வரை மென்று, முரசுக் கோட்டிலும் உள்பக்கத்திலும் கடைவாய்ப் பல்லிலும் தேய்த்தால் நல்ல பலன் உண்டு. பள்ளி வாசலில் நின்று முன்பல்லில் இரண்டு இழு இழுத்துச் சட்டைப் பையில் போட்டால் கடைவாய்ப் பல்லுக்கு எப்படிப் போய்ச் சேரும்? காய்ந்துபோன, கிழமைக் கணக்கில் பையில் கிடந்த நுனியை வெட்டிப் புதிதாக மெல்லுங்கள்.

இறுகிய காறைக்குப் பிரஷ்ஷும் உதவாது, மிஸ்வாக்கும் உதவாது, உப்பும் கரியும் உதவாது. ஸ்கேலிங் ஒன்றுதான் வழி. ஸ்கேலிங் செய்ததும் பல் ஆடுவது போலத் தோன்றுவது உண்மைதான். எலும்பு ஏற்கெனவே கரைந்து, காறைக் கல்தான் பற்களைச் சேர்த்துச் சிமெந்து போலப் பிடித்திருந்தது. கல் போனதும் உள்ளே இருந்த ஆட்டம் தெரிகிறது, மறைந்திருந்த இடைவெளியும் தெரிகிறது. வீக்கம் வற்றினால் பல பற்கள் மீண்டும் இறுகும். நோய் முரசுக்கு அடியில் ஆழமாகப் போயிருந்தால் மரக்கச்செய்து வேரையும் சுத்தம் செய்வார்கள். சிலருக்குச் சின்னச் சத்திரசிகிச்சையும் தேவைப்படும். பார்மசியில் அன்டிபயோட்டிக் வாங்கிப் போட்டால் வீக்கம் நாலு நாள் அடங்கும், கல் அங்கேயேதான் இருக்கும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வளராது. மிச்சமிருப்பதைக் காப்பாற்றுவதுதான் சிகிச்சையின் வேலை.

சீனி வருத்தம் உள்ளவர்கள் இதை இரண்டு தடவை வாசியுங்கள். லோ அவர்களே 1993 இல் முரசு நோயைச் சீனி வருத்தத்தின் ஆறாவது பாதிப்பு என்று எழுதினார். சீனி கூடினால் முரசு கெடும், முரசு கெட்டுக் கிடந்தால் சீனி கட்டுப்படுவதும் கஷ்டம். கிளினிக்கில் கண்ணைப் பார்க்கிறார்கள், காலைப் பார்க்கிறார்கள். வாயையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளை உண்டான தாய்மாருக்கும் அந்த மாதங்களில் முரசு எளிதில் வீங்கும். கர்ப்பிணிக் கிளினிக்கில் பல் பரிசோதனைக்கு அனுப்பினால் தட்டிக்கழிக்காமல் போங்கள். முரசு வீக்கத்தோடு காய்ச்சலும் உடம்பில் காரணமில்லாத இரத்தக் கண்டலும் இருந்தால் பல் கிளினிக்குக்குக் காத்திருக்காமல் அன்றே டொக்டரிடம் காட்டுங்கள். அது வேறு வருத்தமாக இருக்கலாம். வெற்றிலை போடுபவர்கள் வாயில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் திறக்கக் கஷ்டம் இருந்தாலும் அப்படித்தான்.

அரச ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் காசில்லை. காலையில் வெள்ளனப் போய் நம்பர் எடுக்க வேண்டும், பல் பிடுங்க வந்தவர்களோடு வரிசையில் இருக்க வேண்டும், ஸ்கேலிங்குக்கு வேறு நாள் தருவார்கள். அந்த நாளைக் கலண்டரில் குறித்து வைத்துவிட்டு, வீட்டில் யாருக்கெல்லாம் துப்பும்போது இரத்தம் வருகிறது என்று இன்றிரவே ஒருதடவை கேட்டுப் பாருங்கள்.